சோதனை: இயேசுவுக்கு வந்தது எந்தச் சோதனை?

வருமானவரி சோதனை, இரத்தப் பரிசோதனை, போதாக்குறைக்கு "இது என்னடா சோதனை" என்ற புலம்பல். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். பைபிளிலும் அப்படியே. தேவன் ஆபிரகாமைச் சோதித்தார், பிசாசு இயேசுவைச் சோதித்தான், அவனவன் தன் இச்சையாலேயே சோதிக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதுகிறார். மூன்றும் ஒன்றா? இல்லை. ஆனால் எபிரெயர் 4:15-இல் இயேசுவைப் பற்றி "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்" என்று படிக்கிறவர், இதில் எந்தச் சோதனை என்று கேட்காமல் எப்படித் தாண்டிப் போவார்?

சோதனை வடமொழிச் சொல். 'சுத்தம்' பிறந்த அதே வேர். தூய்மையாக்குவது முதல் பொருள், ஆராய்ந்து பார்ப்பது அடுத்தது. ஆபிரகாம் கதைக்கு இது அழகாகப் பொருந்தும், பிசாசுக்குத்தான் பொருந்தாது, அவன் யாரையும் புடம்போட வரவில்லையே! ஆனால் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கிரேக்க மூலத்தில் இருக்கும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற சொல்லே, தரம் பார்ப்பதையும் ஆசைகாட்டி விழவைக்கப் பார்ப்பதையும் சேர்த்தே குறிக்கிறது.

ஆசைகாட்டி விழவைப்பது என்ற இந்த இரண்டாவது பொருளுக்குச் சிலர் 'சபலம்' என்பார்கள். அதுவும் வடமொழிதான், தவிர அதைச் சொன்னாலே ஆள் பாதி விழுந்துவிட்ட மாதிரி இருக்கிறது. என் ஓட்டு 'தூண்டல்' என்ற சொல்லுக்கு. காரணம் யாக்கோபு 1:14. "சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று நம் பைபிளில் இருக்கிறதே, அந்தச் 'சிக்குண்டு' கிரேக்கத்தில் இரை வைத்துப் பிடிப்பதைச் சொல்லும் சொல். நம்மிடம் தூண்டு, தூண்டில் என்று அது தயாராகவே இருக்கிறது.

தூண்டிலை வைத்தே யோசியுங்கள். இரை வெளியிலிருந்து வருகிறது, ஆனால் பசியில்லாத மீனுக்கு அது தூண்டிலே இல்லை. நாற்பது நாள் உபவாசம் முடிந்து "பசியுண்டாயிற்று" என்று எழுதிய பிறகுதான், கல்லை அப்பமாக்கிக் காட்டச் சொல்லும் பிசாசை மத்தேயு கொண்டுவருகிறார். அந்தப் பசி நடிப்பில்லை என்றால், அப்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் வயிறு இழுத்திருக்கும். அதில் பாவம் எங்கே இருக்கிறது? கவ்வினால்தானே!

ஆனால் எல்லா ஆசையும் பசி மாதிரி இல்லை என்பதுதான் சிக்கல். பேராசை, பொறாமை போலக் கோணலாகிவிட்ட ஆசையும் அவருக்குள் முளைத்ததா? சபை இங்கே நுணுக்கமாகக் கோடு போட்டது. இயேசுவுக்கு மனித மனமே இல்லை, அந்த இடத்தில் தேவவார்த்தைதான் இருந்தது என்ற அப்பொலினாரிஸ் பிஷப்பின் போதனையை 381-இல் தள்ளினார்கள். 451-இல் கல்சதோன் நகரில் கூடிய பிஷப்புகளின் சங்கம், பாவம் தவிர எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போன்றவர் என்றது. அப்புறம் 553-இல், மாம்ச இச்சைகள் அவரைத் தொல்லைப்படுத்தின என்ற கருத்தைக் கண்டித்தார்கள். சரி, அப்படியானால் அவருக்கென்று மனித விருப்பமே கிடையாதா என்றால், உண்டு என்று 681-இல் தீர்த்துச் சொன்னார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று கேட்டது அந்த விருப்பம்தான். சாவைக் கண்டு உடம்பும் மனமும் பின்வாங்கியதை நாடகம் என்றால், வேர்வை இரத்தப் பெருந்துளிகளைப்போல் விழுந்ததாக லூக்கா எழுதியதற்கு அர்த்தமே இல்லை.

ஆகவே யாக்கோபு 1:14-க்குத் 'தூண்டல்', ஆபிரகாம் கதை வரும் ஆதியாகமம் 22-க்குச் 'சோதனை'. எபிரெயர் 4:15-இல் மட்டும் நான் கைவைக்க மாட்டேன், அங்கே இரண்டு பொருளும் வேண்டும். கர்த்தர் ஜெபத்தில் கத்தோலிக்கர் "சோதனையில் விழவிடாதேயும்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். சோதனை வேறு, விழுவது வேறு என்று அந்த ஒரு வரியிலேயே பிரித்துவிட்டார்கள்.