மஞ்சள் வட்டத்தைச் சுற்றி ஏன் பச்சை வளையம்?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். வீட்டு முன்னால் சின்னதாக ஒரு புல்தரை. அதில் ஓடியாட இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் நாய். புல்லில் அங்கங்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கருகிய மஞ்சள் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் மற்ற புல்லைவிட அடர்ந்த பச்சையில் ஒரு வளையம். "நாய் சிறுநீர் கழிக்கிற இடம்தான் கருகுது, அது தெரியும். ஓரத்துல மட்டும் ஏன் இவ்வளவு செழிப்பு?" என்று கேட்டிருந்தார். பக்கத்து வீட்டில் திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்களாம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கருகலைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, வளையத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. விடை அந்த வளையத்தில்தான் இருக்கிறது. திருஷ்டி என்று சொல்லிவிட்டால் இவ்வளவு நல்ல கேள்வி அங்கேயே நின்றுபோகும். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

காசிமேட்டு மீன்தலையைச் சோற்றில் பிசைந்து நாய்க்குப் போடுகிறோம். அதிலுள்ள புரதம் உடைந்தால் நைட்ரஜன் மிஞ்சும். அது அம்மோனியாவாக உடம்பில் தங்குவது ஆபத்து என்பதால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியே அனுப்புகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். மணலி உர ஆலையில் மூட்டை மூட்டையாகத் தயாராகிற யூரியாவும் இதே மூலக்கூறுதான். 1828இல் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதனைச்சாலையில் முதன்முதலாக யூரியாவைச் செய்தார். செய்த கையோடு தன் ஆசான் பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார்: சிறுநீரகமே இல்லாமல் என்னால் யூரியா செய்ய முடிகிறது, அதற்கு மனிதனும் வேண்டாம், நாயும் வேண்டாம் என்று. நாயை அவர் மறக்கவில்லை!

சரி, உரம் என்றால் புல் ஏன் கருகவேண்டும்? மாங்காய்த் துண்டுகளில் உப்பைப் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் காலையில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு, அதனால் தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. சிறுநீரில் யூரியாவோடு உப்புகளும் இருக்கின்றன. அது மொத்தமாக இறங்கிய இடத்தில் புல்லின் வேருக்கும் மாங்காய்க்கு நடந்ததுதான் நடக்கிறது. ஈர மண்ணில் நின்றுகொண்டே புல் தாகத்தில் வாடுகிறது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. யூரியா தானாகச் சுலபத்தில் உடையாது, வெறும் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் கைபட்டால் யூரியா மளமளவென்று அம்மோனியாவாக உடைகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத மூத்திரச் சந்தில் மூக்கைத் துளைக்கிற நெடி இந்த நொதி வேலை செய்வதால் வருவது. முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியும் இதுதான். ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர் 1926இல் நம் வாளவரையின் நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையிலிருந்து அதைப் பிரித்தார். நொதி என்பது புரதம்தான் என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1946இல் நோபல் பரிசு வந்தது.

இப்படி உடைந்து வரும் அம்மோனியா வட்டத்தின் நடுவில் இளம் வேர்களுக்கு விஷமாகிறது. ஆனால் சிறுநீர் நடுவிலேயே நிற்பதில்லை, மண்ணுக்குள் பக்கவாட்டிலும் கசிகிறது. தள்ளிப்போகப் போக நீர்த்துப்போகிறது. ஓரத்தை அடையும்போது கொல்லும் அளவிலிருந்து குறைந்து, உரத்தின் அளவுக்கு வந்துவிடுகிறது. அங்கே வேறு பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, புல் அதை ஆசையாகக் குடிக்கிறது. இலையின் பச்சையத்தில் ஒரு மக்னீசியம் அணுவைச் சுற்றி 4 நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்த புல் பச்சைப்பசேல் என்று ஆவது அதனால்தான்.

பெண் நாயின் சிறுநீரில் அமிலம் அதிகம், சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்பார்கள். அப்படி இல்லை. பெண் நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் மொத்தத்தையும் விடுகிறது. வளர்ந்த ஆண் நாய் காலைத் தூக்கிச் சுவர், மரம், வண்டிச் சக்கரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே மருந்து தண்ணீர்தான். நாய் எழுந்ததும் அந்த இடத்தில் பெரிய வாளியில் பாதித் தண்ணீரை ஊற்றுங்கள். நடுப்பகுதியும் ஓரத்தைப்போல நீர்த்துவிடும். மறுநாள் ஊற்றிப் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: எண்ணூர், மீஞ்சூர் பக்கமெல்லாம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கிறது. போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது ஏற்கெனவே வாடுகிற வேரை இன்னும் வாட்டும். குழாய்த் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ ஊற்றுங்கள். புல்லுக்குத் தனியாக யூரியா போடுவதையும் நிறுத்திவிடுங்கள், நாய் போடுவதே போதும்.

பிள்ளைகள் விஷயம். நாய்க்கு ஒழுங்காகக் குடற்புழு மருந்து கொடுங்கள், மலத்தை அன்றன்றைக்கே அள்ளுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. அதற்கு நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. பந்து விளையாட கோல் கம்பத்துக்குப் பதில் வைக்கிற இரண்டு செங்கல்லை வாரம் ஒருமுறை இடம் மாற்றச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் மிதிபட்டால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் வெயில், நம் உப்புத் தண்ணீர், நம் தெருநாய்கள் இவற்றை வைத்து நம் ஊரிலேயே செய்கிற ஆய்வுக்குப் பணம் ஒதுக்கவேண்டும். குழந்தைகள் விளையாடுகிற மண் சின்ன விஷயம் இல்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் காட்டுகிற அக்கறையில் கொஞ்சமாவது பூங்காப் புல்லுக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை.

ஏற்கெனவே கருகின வட்டத்துக்குப் பெரிதாக எதுவும் செய்யவேண்டாம். இரண்டு மூன்று முறை நன்றாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கி, செத்த புல்லைக் கையால் வாரிவிடுங்கள். படத்தில் இருப்பது அருகம்புல் மாதிரித்தான் தெரிகிறது. அது தரையோடு தண்டை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடிக்கிற புல். வெயிலும் உப்பும் தாங்கும். வளையத்தின் உள்விளிம்பில் குனிந்து பாருங்கள். அந்த யூரியாவைக் குடித்து வளர்ந்த தண்டுகள்தான் முதலில் நடுவை நோக்கி நீளும்.