கறுத்த நகமும் கொப்புளமும்: ஓடும்போது ஷூவுக்குள் என்ன நடக்கிறது?

நெடுந்தூரம் ஓடுபவர்கள் நடுவே கறுத்துப்போன கால் நகத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மாரத்தான் முடிந்த வாரம் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள் வரிசையாக வரும். நகம் போனால்தான் ஓட்டக்காரன் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. எவ்வளவு தூரம் ஓடினோம் என்பதற்கு அந்தக் கறுப்பு சாட்சி இல்லை. ஷூவுக்குள் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. கொப்புளம், காய்ப்பு, ஆணி என்று ஓடுபவர்களைப் படுத்தும் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் அந்த அசைவுதான் மூலம்.

முதலில் நகம். வெளியே தெரிவது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற தகடு. அதில் நரம்பு கிடையாது, அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. அதை உருவாக்கும் செல்கள் நகத்தின் அடிப்பக்கம், தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கின்றன. கை கட்டைவிரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை, அந்தப் பகுதியின் வெளி விளிம்பு. தகட்டுக்கு அடியில் இருக்கும் சதையிலோ இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்குக் கீழே உடனே எலும்பு. நடுவில் இடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க ஏறக்குறைய 40,000 அடி வைக்க வேண்டும். ஒரு காலுக்கு 20,000. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. அந்த நேரத்தில் பாதத்தின் வளைவு தாழ்ந்து பாதம் சற்று நீள்கிறது. ஓட ஓடக் கால் வீங்கவும் செய்கிறது. புறப்படும்போது கச்சிதமாக இருந்த ஷூ 25ஆவது கிலோமீட்டரில் இறுக்கமாகிவிடுவது இதனால்தான். நகத்தின் நுனி ஷூவின் முன்சுவரில் முட்டுகிறது, நகம் பின்னால் தள்ளப்படுகிறது, அடிச்சதையிலிருந்து கொஞ்சம் நெம்பப்படுகிறது. ஒரு முறை முட்டினால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான முறை அதே இடத்தில் முட்டினால் மெல்லிய இரத்தக் குழாய்கள் கிழிந்து இரத்தம் கசிகிறது.

மேட்டில் ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவதுதான் நகத்துக்குப் பெரிய ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு திசை என்று மாற்றி மாற்றி ஓடுவார்கள். சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடலோர டர்பனுக்கு இறங்கும் ஆண்டில், மூச்சு வாங்குவது குறைந்தாலும் தொடையும் கால்விரலும் படாத பாடு படும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் பிரேக் போடுகிறோம். ஷூ தரையைப் பிடித்து நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் கால் நிற்காமல் முன்னே போகிறது. ஊட்டி, கொடைக்கானல் மலைச் சாலைகளில் இறங்கி ஓடிப் பழகுபவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். எல்லோருக்கும் பெருவிரலே அடிபடுவதும் இல்லை. பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். அவர்களுக்கு அந்த நகம்தான் முதலில் கறுக்கும்.

உடம்பில் வேறெங்காவது அடிபட்டால் கன்றிய இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். துப்புரவு செல்கள் வந்து சிந்திய இரத்தத்தை உடைத்து அள்ளிக்கொண்டு போவதால் வரும் நிறமாற்றம் அது. நகத்தோடு ஒட்டி உறைந்த இரத்தத்தை அந்தச் செல்களால் நெருங்க முடியாது. அது அங்கேயே காய்ந்து கறுத்துக் கிடக்கும், நகம் வளர வளர முன்னே நகரும். கால் நகம் வளரும் வேகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், கை நகத்தில் பாதிகூட இல்லை. பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். ஜனவரியில் சென்னை மாரத்தானில் கறுத்த நகம் அடுத்த ஜனவரியிலும் மிச்சம் இருக்கலாம்.

வலி இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். அடிபட்ட முதல் நாளிலேயே விண்விண்ணென்று தெறித்தால், கசிந்த இரத்தத்துக்குப் போக இடமில்லாமல் எலும்புக்கும் நகத்துக்கும் நடுவே அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம். மருத்துவர் நகத்தில் ஒரு சிறு துளை போட்டு அந்த இரத்தத்தை வெளியேற்றுவார். நகத்தில் நரம்பு இல்லாததால் துளையிடுவது பெரிதாக வலிக்காது, அழுத்தம் இறங்கியதும் வலியும் சட்டென்று குறைந்துவிடும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் செய்தால்தான் பலன், அப்புறம் இரத்தம் உறைந்துவிடும். ஊக்கைச் சூடுபண்ணி வீட்டிலேயே குத்திக்கொள்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எலும்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னேன், அங்கே சீழ் பிடித்தால் சின்ன விஷயமாக முடியாது.

நகம் ஆடத் தொடங்கினால் பிடுங்கக் கூடாது. தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை ஒரு பிளாஸ்திரியால் ஒட்டி வைத்தால் போதும், கீழே புது நகம் வளர்ந்து பழையதைத் தள்ளிவிடும். சீக்கிரமே பிடுங்கிவிட்டால் விரல் நுனிச் சதை மேலே எழும்பிக்கொள்கிறது. பிறகு வரும் நகம் அதில் இடித்துச் சதைக்குள் புதையும். மாதக்கணக்கில் படுத்தும் தொல்லை அது.

கறுத்த நகம் எல்லாமே அடிபட்டதால் வந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. 1977இல் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண்ணைக் கால்பந்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 1981 மே மாதம், 36 வயதில், அவர் இறந்தார். மெலனோமா வெள்ளைத் தோல்காரர்களின் நோய் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கு அது வருவது அரிதுதான், ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால் இந்த வேறுபாடு தெரிந்திருப்பது முக்கியம். உறைந்த இரத்தம் நகத்தோடு முன்னே நகரும், இரண்டு மூன்று மாதத்தில் அதற்குப் பின்னால் தெளிவான புது நகம் தெரியும். நகராமல் அதே இடத்தில் நிற்கும் கறுப்பு, அடியிலிருந்து நுனிவரை ஓடி நாளுக்கு நாள் அகலமாகும் கோடு, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவும் நிறம், இவற்றில் எதைப் பார்த்தாலும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது நம் நிறத்தவரிடம் சகஜம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. மாதம் ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்தால் நகர்கிறதா இல்லையா என்று எளிதாகத் தெரிந்துவிடும்.

சரி, கொப்புளத்துக்கு வருவோம். தோல் தேய்ந்துதான் கொப்புளம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் உருவாகும் விதமே வேறு. உங்கள் புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, வழுக்கவிடாமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரலோடு தோலும் நகரும், அடியில் எலும்பு நகராது. பாதத்தில் இது தலைகீழாக நடக்கிறது. வியர்வையில் நனைந்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் போய்வருகிறது. நடுவில் இருக்கும் அடுக்குகள் ஒவ்வோர் அடியிலும் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன. கடைசியில் மேல்தோலுக்கு உள்ளேயே ஒரு அடுக்கு பிளந்து, அந்தப் பிளவில் நீர் கோக்கிறது. உள்ளங்காலின் தோல் தடிமனாக இருப்பதால் மேற்புறம் கிழியாமல் தாங்குகிறது, அதனால் நீர் உள்ளே தங்கிவிடுகிறது.

இதில் வியர்வைதான் நமக்குப் பெரிய எதிரி. நன்றாக உலர்ந்த தோல் சாக்ஸில் வழுக்கும். ஈரம் பட்ட தோல் பிடித்துக்கொள்ளும். சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடினாலும் காற்றில் அவ்வளவு ஈரம், வியர்வை காய்வதே இல்லை. பருத்தி சாக்ஸ் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மற்ற உடைக்குப் பருத்தியை நானும் விரும்புகிறேன், ஓட்டத்துக்கான சாக்ஸில் மட்டும் அது சரிப்படாது. பாலியஸ்டர், அக்ரிலிக் போன்ற இழைகளில் நெய்தது நல்லது. வெயிலுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது குனிந்து ஊற்றிக்கொள்ளுங்கள், கால் வழியே ஷூவுக்குள் இறங்கினால் அடுத்த பத்து கிலோமீட்டரும் ஈரத்தில்தான். பவுடர் கொஞ்ச நேரத்தில் வியர்வையில் குழைந்துவிடும். வாஸ்லின் ஆரம்பத்தில் உராய்வைக் குறைத்தாலும் நேரம் போகப் போக அந்தப் பலன் போய்விடும், நீண்ட ஓட்டமென்றால் நடுவில் மறுபடி தடவ வேண்டும்.

இவற்றைவிட மலிவான ஒன்று மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது: மைக்ரோபோர் என்று கேட்டால் தரும் காகித டேப். பல நாள்களாகப் பிரித்து 250 கிலோமீட்டர் ஓடும் பாலைவன ஓட்டங்களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கொப்புளம் வரும் இடங்களில் முன்கூட்டியே ஒட்டியபோது கொப்புளம் கணிசமாகக் குறைந்தது. வந்த பிறகு ஒட்டுவதில் இந்தப் பலன் இல்லை.

வந்துவிட்டால், சிறியதாகவும் வலியில்லாமலும் இருப்பதைத் தொட வேண்டாம். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால், சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிடலாம். மேல்தோலை மட்டும் உரித்துவிடாதீர்கள். கீழே புதுத் தோல் உருவாகும்வரை அதைவிட நல்ல கட்டு கிடையாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த ஊசி வேலை எதையும் தாங்களாகச் செய்யக் கூடாது. கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியும் அவர்களுக்கு வேண்டாம், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

காய்ப்பு என்பது அதே உராய்வு மெதுவாக, நாள்பட வந்தால் உடம்பு போட்டுக்கொள்ளும் கவசம். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் மாரத்தானை வென்றார். காய்த்த பாதம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அளவான காய்ப்பைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. விளிம்பு தடித்து நிற்கும்போது மட்டும் குளித்த பிறகு லேசாகத் தேய்த்துவிட்டால் போதும்.

விரலிடுக்கில் அரிப்பும் வெள்ளையாக ஊறிய தோலும் இருந்தால் அது சேற்றுப்புண், அதாவது பூஞ்சை. அடிபட்டு அடியிலிருந்து விட்டுப்போன நகத்துக்குள்ளும் அந்தப் பூஞ்சை எளிதாக நுழையும். மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் சில இடங்களில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சையோ அடங்காமல் பரவும். இந்தியாவில் படர்தாமரை மருந்துக்குக் கட்டுப்படாமல் போனதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தடித்து மஞ்சளான நகம் எல்லாமே பூஞ்சையும் இல்லை. ஓட்டத்தில் திரும்பத் திரும்ப அடிபட்ட நகமும் அப்படியேதான் இருக்கும். நகத் துணுக்கைப் பரிசோதித்த பிறகே மாத்திரையைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் கால் நகப் பூஞ்சைக்கு மூன்று மாதம் சாப்பிட வேண்டியிருக்கும்.

இனி ஷூ. கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு போய் வாங்குங்கள். நின்று பார்க்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இடம் அதிகம் இருந்தாலும் கால் வழுக்கும், ஆகவே குதிகாலைப் பின்னால் பிடித்து நிறுத்துவது அவசியம். அதற்காகத்தான் கணுக்காலுக்குப் பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் துளை வைத்திருக்கிறார்கள். லேஸை வெளியிலிருந்து அந்தத் துளைக்குள் அதே பக்கமாகச் செலுத்தினால் ஒரு சிறு வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்து, ஒவ்வொரு லேஸ் நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும், குதிகால் மட்டும் கெட்டியாகப் பிடிபடும். நகத்தை ஓட்டத்துக்கு ஓரிரு நாள் முன்னதாக நேராக வெட்டிவிட்டு, கடை வாசலில் சாய்வுத்தளம் இருந்தால் புது ஷூவோடு நாலு முறை வேகமாக இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் முட்டினால் லேஸை மாற்றிக் கட்டி மறுபடி இறங்குங்கள். அப்போதும் முட்டினால் வேறு ஜோடி கேளுங்கள்.