கீமோ எடுக்கிறவர்கள் 'நல்லா இருக்கேன் சிஸ்டர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

மதுரையில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில், கீமோ ஏற்றும் இடத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், தேனிப் பக்கமிருந்தெல்லாம் விடிவதற்குள் பஸ் ஏறி வந்து டோக்கனுக்கு உட்கார்ந்திருப்பார்கள். போன ஊசிக்கு அப்புறம் எப்படி இருந்தீங்க என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கேன் சிஸ்டர்." கூட வந்த மகளைத் தனியாக விசாரித்தால்தான் தெரியும், வாயெல்லாம் புண்ணாகி ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியிருக்கிறது என்று.

ஏன் மறைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் ஊசியைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், தள்ளிப்போட்டால் கட்டி வளர்ந்துவிடும் என்ற பயம். மகன் கூலி வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிவந்த நாள் வீணாகிவிடுமே என்ற கவலை. இரண்டுமே நியாயமானவைதான். ஆனால் சொன்னவுடன் ஊசியை நிறுத்திவிடுவதில்லை. பல நேரம் ஒரு மாத்திரையை மாற்றினாலோ, அளவைக் கொஞ்சம் குறைத்தாலோ போதும். மறைத்து மறைத்து உடம்பு ஒடிந்துபோன பிறகுதான் சிகிச்சையையே நிறுத்த வேண்டிவருகிறது.

மற்ற எதை மறந்தாலும் காய்ச்சலை மட்டும் மறக்காதீர்கள். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். கட்டியைப் போலவே ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். அதனால் ஊசி போட்டு ஏறக்குறைய 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் இறங்கியிருக்கும். அந்தச் சமயத்தில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, வீங்காது, பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும், நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 100.4 டிகிரி காட்டினாலோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலோ, அன்று ராத்திரியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மட்டும் இறக்கும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், விடிவதற்குள் பிரஷர் இறங்கிப் போனவர்களும் உண்டு. வழியில் எந்த மருத்துவரிடம் காட்டினாலும், 108-ல் ஏறினாலும், முதல் வார்த்தையே "கீமோ நடக்குது, கடைசியா இந்தத் தேதியில போட்டாங்க" என்பதாக இருக்கட்டும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறைந்திருக்கலாம் என்பதால் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் நல்லதில்லை.

அடுத்தது விரல் மரத்துப்போவது. பேக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். மல்லிகை கட்டிப் பிழைக்கும் ஓர் அக்கா வருவார். நார் விரலில் நிற்கவில்லை, முடிச்சு விழவில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஜாக்கெட் ஊக்குப் போடக்கூட மகளைக் கூப்பிட வேண்டிய நிலை வந்த பிறகுதான் எங்களிடம் வாய் திறந்தார். முதலிலேயே தெரிந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்த்திருக்க முடியும். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், சிகிச்சை முடிந்தபின் மறுபடி முளைக்கும். நரம்பு அப்படியில்லை, முற்றிவிட்டால் சில பேருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். வயல் வேலைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ஆக்சாலிபிளாட்டின் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: எவ்வளவு கத்திரி வெயிலாக இருந்தாலும் சில நாட்களுக்குப் ஃபிரிட்ஜ் தண்ணீர், ஐஸ், ஜிகர்தண்டா எதுவும் வேண்டாம். தொண்டை இறுகி மூச்சு நின்றுவிடுவதுபோல் இருக்கும், பயந்துபோவீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு நான் அடிக்கடி வாதாடுகிறேன். முட்டை சூடு, கோழி ஆகாது, மீன் கவிச்சி என்று ஒவ்வொன்றாகக் கழித்து நோயாளியை ரசம் சாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு தேறப் புரதம்தான் வேண்டும். நன்றாக வேகவைத்த முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு முழுத்தட்டு இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். பச்சையாக எதுவும் வேண்டாம், தள்ளுவண்டியில் வெட்டி வைத்த பழமும் வேண்டாம். வாய்ப்புண் வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா போட்டு அடிக்கடி கொப்பளியுங்கள், விழுங்க வேண்டாம். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள், சீட்டில் எழுதிய நேரத்துக்கு முன்கூட்டியே போடுங்கள். அந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து இருக்கிறது.

'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கிறவர்கள் கேட்பது வேறு. வெளியிலிருந்து மிஷினில் கதிர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம், கதிர் உங்கள் உடம்பில் தங்காது. கதிர் வைக்கும் இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மைக்கோடுகளை மட்டும் அழிக்காதீர்கள், கேட்காமல் எண்ணெயோ பவுடரோ தடவாதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள் கூச்சத்தால் வெளியே வருவதே இல்லை: மூத்திர எரிச்சல், வெள்ளைப்படுதல், ஆசனவாயில் புண், மாதவிடாய் நின்றுபோவது, கணவன் மனைவி சேர்ந்திருக்கலாமா என்பது. மாதவிடாய் நின்றாலும் கரு தங்க வாய்ப்பு உண்டு, சிகிச்சை நடக்கும்போது அது கூடாது, ஆகவே கட்டாயம் பேச வேண்டிய விஷயம். மருத்துவரிடம் சொல்லத் தயங்கினால் செவிலியரிடம் சொல்லுங்கள். அதுவும் எல்லார் முன்னாலும் முடியாதென்றால், ஃபைலைக் கொடுக்கும்போதே "உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசணும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஊசி ஏற்றுவதற்கு முன்னால் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம்.