சம்பளச் சீட்டைப் பார்த்திராத வீடுகள்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஐம்பது வயதைக் கடந்த தாயார் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் கடன் ஆலோசகராக இருக்கும் என்னைப் பார்க்க வந்தார். தொழில்நுட்பக் கல்விக் கழகப் படிப்பையும் தேசிய சேவையையும் முடித்து, முதல் வேலையில் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்த பையன் அவன். "வேலைக் கடிதத்துல 2,400 வெள்ளின்னு போட்டிருக்கு. பேங்க்ல 1,915தான் வருது. மிச்சத்தை எங்கேயோ கொடுக்கிறான், கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான்" என்றார். பையன் வாயைத் திறக்காததற்குக் காரணம் பிடிவாதம் அன்று. அவனுக்கும் கணக்குத் தெரியவில்லை.

கைப்பேசியில் அவனுடைய சம்பளச் சீட்டைத் திறக்கச் சொல்லி, ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் காட்டினேன். ஓய்வுக்காலம், வீடு, மருத்துவம் ஆகியவற்றுக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு அவனுடைய பங்கு 20 விழுக்காடு, அதாவது 480 வெள்ளி. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 5 வெள்ளி. இரண்டும் போக மிஞ்சுவதுதான் வங்கிக்கு வரும் 1,915. இதற்கு மேல் முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு, 408 வெள்ளி செலுத்துகிறார். ஆக மாதந்தோறும் 888 வெள்ளி அவன் பெயரில் சேர்கிறது. அதில் 552 சாதாரணக் கணக்குக்கும் ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்குக்கு 144உம் மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு 192உம் போகின்றன. நாளை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கும்போது கைகொடுக்கப்போவது அந்த 552தான் என்றபோது பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தாயார் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்க அப்பாவோட சம்பளச் சீட்டை இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றார்.

கடன் ஆலோசனைப் பணியில் நான் சந்திக்கும் இளையர்களில் பெரும்பாலோர் ஊதாரிகள் அல்லர். வீட்டில் பணத்தைப் பற்றிய பேச்சே காதில் விழாமல் வளர்ந்தவர்கள். வாடகை எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று பிள்ளை கேட்டால், "நீ படிக்கிற வேலையைப் பாரு" என்று நம் வீடுகளில் அன்போடுதான் சொல்கிறோம். துணைப்பாட வகுப்புக்கு மாதம் நானூறு வெள்ளி கட்டும் பெற்றோர், அந்த நானூறு எந்தச் செலவை ஒதுக்கிவைத்து வந்தது என்பதைப் பிள்ளையிடம் சொல்வதில்லை. பதினெட்டு வயது வரை இந்தத் திரை விலகாமல் இருந்தால், திரைக்கு அப்பால் முதலில் கைநீட்டி வரவேற்பது கடன் கொடுப்பவராகத்தான் இருக்கிறது.

பாட்டி தாத்தா காலத்தில் பள்ளிகளில் பிஓஎஸ்பி சேமிப்புப் புத்தகம் இருந்தது. 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் அந்தச் சிறு புத்தகத்தில், போட்ட பணமும் எடுத்த பணமும் வரிவரியாக அச்சாகி, மீதித் தொகை கண்ணெதிரே குறையும். இப்போது அட்டையைத் தட்டினால் ஓசையோடு காரியம் முடிந்துவிடுகிறது. பணம் போன தடம் கண்ணில் படுவதில்லை. அந்தப் புத்தகத்தின் இடத்தை இனி வீடுதான் நிரப்ப வேண்டும்.

என் மகள் உயர்நிலை மூன்றுக்குப் போனபோது, அன்றாடக் கைச்செலவை நிறுத்திவிட்டு, மதிய உணவு, பேருந்து, கைப்பேசிக் கட்டணம், தோழியரின் பிறந்தநாள் பரிசு எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 180 வெள்ளியை முதல் தேதியிலேயே கொடுத்துவிட்டேன். 17ஆம் தேதி அவளிடம் மிஞ்சியது 11 வெள்ளி. கொரியப் பாடகர் குழு ஒன்றின் இசைத்தொகுப்பு அதற்குக் காரணம். இந்த ஏற்பாட்டில் கடினமான பகுதி பெற்றோருக்கு உரியது: கூடுதலாகக் கொடுக்கவும் கூடாது, குத்திக்காட்டவும் கூடாது. இரண்டு வாரம் அவள் தயிர்ச் சோறு கட்டிக்கொண்டு போனாள். டப்பாவின் அடியில் என் மாமியார் பத்து வெள்ளி நோட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பாட்டிகள் இருக்கும் வீட்டில் எந்தத் திட்டத்திலும் இவ்வளவு ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஆயினும் பதினைந்து வயதில் 11 வெள்ளியோடு திண்டாடியவள், இருபத்தைந்து வயதில் 11,000 வெள்ளிக் கடனோடு என்னைப் போன்ற ஒருவர் முன்னால் உட்கார வாய்ப்புக் குறைவு என்றே நம்புகிறேன்.

இங்கே பலருக்கு உவப்பில்லாத ஒரு கருத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்து ஆசி வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் அதே பழக்கம் ஆண்டுக்கணக்கில் நீண்டு, மகன் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டுக் கைச்செலவுக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாகிவிட்டால், சம்பாதிக்கும் பிள்ளை பள்ளிப் பிள்ளையாகவே நின்றுவிடுகிறான். இருபத்தெட்டு வயதில் திருமணமாகித் தனிவீடு போன ஒருவர், மின்கட்டணத்தை எந்தத் தேதியில் கட்டுவது என்றுகூடத் தெரியாமல் மூன்று மாதத்தில் இரண்டு கடன் அட்டைகளில் சிக்கிக்கொண்டதைப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு நிலையான தொகையைக் கொடுக்கட்டும். மீதியை அவரே ஆளட்டும், தவறட்டும்.

கடன் அட்டைக்கு வருகிறேன். 21 வயதாகி, ஆண்டு வருமானம் 30,000 வெள்ளியைத் தொட்டவுடன் வங்கிகளின் அழைப்பு தொடங்கிவிடும். அட்டை அறிக்கையில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் 'குறைந்தபட்சத் தொகை'யைக் கட்டினால் போதும் என்று எண்ணுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. நிலுவை 3,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் 67 வெள்ளி 50 காசு. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்றால் 90 வெள்ளி. கட்டிய 90இல் அசலிலிருந்து கழிவது 22 வெள்ளி 50 காசுதான். மாதம் 90 என்று ஓராண்டு தவறாமல் கட்டினாலும், 1,080 வெள்ளி கையைவிட்டுப் போன பிறகு ஏறத்தாழ 2,700 வெள்ளி நிலுவை அப்படியே நிற்கும். இந்தக் கணக்கை நான் வாயால் சொல்வதில்லை; பேனாவை இளையர் கையிலேயே கொடுத்துவிடுவேன். நான்காவது வரியிலேயே அவர்கள் முகம் மாறிவிடும்.

வருமானம் இன்னும் அந்த அளவுக்கு வராதவர்களுக்கு, 'இப்போது வாங்கிப் பின்னர் செலுத்தும்' செயலிகள் வழிவிடுகின்றன. மூன்று தவணை, வட்டி இல்லை என்பது உண்மைதான். 2022இல் வந்த துறை நடத்தை நெறியின்படி, கூடுதல் மதிப்பீடு இல்லாமல் ஒரு நிறுவனத்திடம் 2,000 வெள்ளிக்கு மேல் நிலுவை வைக்க முடியாது. ஆனால் அது ஒரு நிறுவனத்துக்கு உரிய வரம்பு. மூன்று செயலிகளை வைத்திருப்பவருக்கு மூன்று வரம்புகள். காலணிக்கு நாற்பது, காதொலிக் கருவிக்கு முப்பத்தைந்து என்று சிறுசிறு தவணைகள் வெவ்வேறு தேதிகளில் வெட்டிக்கொண்டே இருக்கும்போது, மாதம் முந்நூறு வெள்ளி போவதை ஒருவரும் ஒரே எண்ணாகப் பார்ப்பதில்லை. எல்லாத் தவணைகளையும் ஒரே நாள்காட்டியில் எழுதச் சொல்வேன்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய தவறுகள். திருத்த முடியாத ஒன்று உண்டு. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, சில நூறு வெள்ளி தருகிறோம்" என்று டெலிகிராமில் வரும் செய்தி, பதினெட்டு பத்தொன்பது வயதினரைத்தான் குறிவைக்கிறது. மோசடிப் பணம் அக்கணக்கு வழியே போகும். காவல்துறை வந்து நிற்பது கணக்குக்கு உரியவர் வீட்டு வாசலில். 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தங்களின்படி, மோசடிக்குத் துணைபோகும் வகையில் அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். ஐயம் எழுந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழைக்கலாம் என்பதைப் பிள்ளையின் கைப்பேசியில் இன்றே பதிந்துவிடுங்கள்.

பெற்றோர் பேசத் தயங்கும் இன்னொன்று, மத்திய சேம நிதியின் கல்விக் கடன். மகளின் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணத்தை அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்து செலுத்தியிருப்பார்கள். அது அன்பளிப்பு அன்று. படித்து முடித்த ஓராண்டில் மகள் வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டிய கடன். அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் என்பதை, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளன்றே மகளிடம் சொல்லிவிடுவது நல்லது. கடிதம் வந்த பிறகு சொன்னால் சண்டைதான் வருகிறது.

முதலீட்டைப் பற்றி, குறிப்பாக மின்னிலக்க நாணயத்தைப் பற்றி, கேட்காத இளைஞர் இல்லை. மூன்று மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். இல்லையென்றால் பேச்சு அங்கேயே நிற்கும். சேர்க்கத் தொடங்குபவருக்குச் அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் ஏற்றது: 18 வயதானால் போதும், 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதமின்றி மீட்கலாம். உணவும் படுக்கையும் முகாமிலேயே கிடைக்கும் தேசிய சேவைக் காலத்தைவிட இதற்கு நல்ல நேரம் வாய்ப்பதில்லை.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் ஆலோசனைக்கு வரும்போது கடைசி மூன்று மாத வங்கி அறிக்கைகளையும் எல்லா அட்டை அறிக்கைகளையும் கடன் தகவல் நிலைய அறிக்கையையும் கொண்டுவர வேண்டும். பிரிக்காத உறைகள் இருந்தால் அப்படியே கொண்டுவரலாம், சேர்ந்து பிரிப்போம். பெற்றோரும் உடன் வரலாமா என்று கேட்கிறார்கள். வரலாம். முதல் அரை மணி நேரம் மட்டும் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கச் சொல்வேன்.