அந்தரங்கப் படம் பரவுகிறதா? யாருக்கும் காட்டாமலே தடுக்க ஒரு வழி

இணையத்தில் பிள்ளைகளைப் படுத்தும் பாடு பல வகை: பட்டப்பெயர், கேலி மீம், போலிக் கணக்கு, சொல்லாமல் கொள்ளாமல் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவது. இதிலெல்லாம் கொடுமையானது, அந்தரங்கப் படத்தைப் பரப்புவது. இல்லையென்றால் பரப்பிவிடுவேன் என்று மிரட்டுவது. பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அப்போது முதலில் வரும் பயம், அம்மாவிடம் சொன்னால் படத்தையும் காட்ட வேண்டியிருக்குமே என்பதுதான். புகார் கொடுக்கப் போனால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் வாயைத் திறப்பதில்லை. தூக்கம் கெடுகிறது, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (1989) 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது. அதன் 16-ஆவது பிரிவு அவர்களுடைய அந்தரங்கத்துக்கும் மானத்துக்கும் சட்டப் பாதுகாப்புத் தருகிறது. இந்த உரிமைகள் இணையத்திலும் அப்படியே செல்லும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2021-இல் வெளியிட்ட 25-ஆவது பொதுக் கருத்துரை சொல்கிறது. படத்தை அந்தப் பிள்ளையே எடுத்து ஒருவருக்கு அனுப்பியிருந்தாலும் உரிமை போய்விடாது. ‘நீ ஏன் அனுப்பினாய்?’ என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, படத்தை எப்படித் தடுப்பது? ‘டேக் இட் டவுன்’ என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போகும், சுரண்டலுக்கு உள்ளாகும் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் லாப நோக்கமில்லாத தேசிய மையம் 2023-இல் இதை அறிவித்தது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டாம். படத்திலோ வீடியோவிலோ இருப்பவருக்கு அப்போது 18 நிரம்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்போது 25 வயதானவரும் பதினாறு வயதில் எடுத்த படத்துக்காக வரலாம். ஏஐ வைத்துப் போலியாகச் செய்த நிர்வாணப் படத்துக்கும் இது பொருந்தும்.

அந்தத் தளத்தில் போனிலோ கணினியிலோ இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கருவிக்குள்ளேயே அதற்கு ‘ஹேஷ்’ என்ற நீளமான குறியீடு உருவாகும். படத்துக்கான கைரேகை மாதிரி. மையத்துக்குப் போவது அந்தக் குறியீடு மட்டும்தான். படம் போனை விட்டு நகராது. குறியீட்டை வைத்து யாரும் படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போல இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்தக் கைரேகையோடு பொருந்தும் படத்தைத் தேடி நீக்கும். குறியீடு கொடுத்த பிறகு அந்தப் படத்தை நீங்களே எங்கும் ஏற்றிவிடாதீர்கள், உங்கள் கணக்கே மாட்டிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. சேராத தளங்களை இது தொடாது. வாட்ஸ்அப் மாதிரி முழுக்க மறையாக்கம் செய்த, அதாவது பேசிக்கொள்பவர்கள் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத உரையாடல்களுக்குள் இதனால் எட்டிப் பார்க்க முடியாது. படத்தை வெட்டினாலோ மேலே ஒரு எமோஜி ஒட்டினாலோ அது வேறு படமாகிவிடும், அதற்குத் தனியாகக் குறியீடு போட வேண்டும். படம் உங்கள் கையில் இல்லையென்றால் குறியீடே எடுக்க முடியாது. அப்போது அது கிடக்கும் தளத்திலேயே ‘ரிப்போர்ட்’ செய்வதுதான் வழி. 18 வயதுக்குப் பிறகு எடுத்த படமென்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் இதே முறையில் உதவும்.

படத்தைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள். மிரட்டுபவரின் கணக்கை ‘பிளாக்’ செய்யும் முன் மிரட்டல் செய்தி, அனுப்பியவரின் கணக்குப் பெயர், தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் போலீசுக்குப் போங்கள். ஆனால் அந்தரங்கப் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் வேண்டாம், ‘இதைப் பார்’ என்று இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம். சிறாரின் அப்படியான படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். உதவ நினைத்த பெரியவரும் அதில் சிக்கலாம்.