மேல் பல்லை எடுத்தால் கண் போகாது

மறுபடியும் அதே கதை. மேல் கோரைப்பல் சொத்தையாகி, வேரில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடிய நிலையில் ஓர் அம்மா வந்தார். அந்தப் பல்லை எடுத்துவிடச் சொல்லி அவருடைய பல் மருத்துவர் சொன்னது பல மாதங்களுக்கு முன்பு. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "மேல் பல்லைப் பிடுங்கினா கண் நரம்பு போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்" என்கிறார். யார் சொன்னது? நாத்தனாராம். கூட வந்த மகன் நன்றாகப் படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். அவரும் என்னைத் தனியே கூப்பிட்டு அதையேதான் கேட்டார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒருமுறை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். தயவுசெய்து வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் வாய், முகம், தாடை அறுவைச் சிகிச்சை செய்பவள். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத் துறையில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே நோயாளிகளையும் பார்க்கிறேன். உடைந்த தாடையைச் சேர்ப்பது, எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டியை எடுப்பது, கோணலான தாடையை வெட்டிச் சரியாகப் பொருத்துவது, வாய்ப் புற்றுநோய் என்று எங்கள் வேலை பலவகை. ஆனால் நடுராத்திரியில் எங்களுக்குத் தொலைபேசி வரும்போது, காரணம் பல நேரங்களில் ஒரு சாதாரணச் சொத்தைப் பல்தான். அரைமணி நேரத்தில் எடுத்துப் போட்டிருக்கக்கூடிய பல்.

சரி, கண் விஷயத்துக்கு வருவோம். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. பார்வை நரம்பு அதில் 2ஆவது. பற்களுக்கு உணர்வு தருவது 5ஆவது. இரண்டும் வேறு வேறு நரம்புகள், வேறு வேறு பாதைகள். பார்வை நரம்பு கண் விழியின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, ஓர் எலும்புத் துளை வழியாக மண்டைக்குள் போய்விடுகிறது. தாடைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 5ஆவது நரம்போ மூன்றாகப் பிரிகிறது: நெற்றிக்கு ஒன்று, மேல் தாடைக்கு ஒன்று, கீழ்த் தாடைக்கு ஒன்று. பல்லை எடுக்கும்போது அறுபடுவது, வேர் நுனி வழியாகப் பல்லுக்குள் நுழையும் மயிரிழை போன்ற நரம்பு நுனி மட்டும். அதற்காக எந்தப் பல்லை எடுத்தாலும் எந்தக் குறையும் வராது என்று சொல்லமாட்டேன். கீழ் ஞானப்பல் எடுக்கும்போது உதட்டு மரப்பு வர வாய்ப்புண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ஆனால் மேல் பல்லை எடுத்ததால் அறுபட அங்கே பார்வை நரம்பே இல்லை.

அப்படியென்றால் மேல் பல் வலிக்கும்போது கண்ணைச் சுற்றி ஏன் வலிக்கிறது? மேல் தாடைக்குப் போகும் கிளை, கண் குழியின் தரையில் ஓர் எலும்புக் கால்வாய்க்குள் ஓடி, கண்ணுக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் வெளியே வருகிறது. அந்த இடத்துத் தோலுக்கும் கீழ் இமைக்கும் மேல் முன்பற்களுக்கும் அதே கிளைதான். அதனால்தான் மரப்பு ஊசி போட்டதும் சிலருக்குக் கீழ் இமைவரை மரத்துப்போகிறது. மிக அரிதாக, ஊசி மருந்து கண் குழிப் பக்கம் பரவி, சில மணி நேரத்துக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்தவர்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்து இந்த நம்பிக்கை இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு காரணம் வயது. பல் ஆடி விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஒன்று. கண் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரை கெடுவது எல்லாம் அந்த வயதில்தான் தலைகாட்டுகின்றன. தீபாவளிக்கு முன்னால் பல்லை எடுத்தார், பொங்கலுக்குள் கண் மங்கியது. பழி பல் மருத்துவர்மேல் விழுந்தது. கண் மங்கினால் கண் மருத்துவரிடம் போங்கள். பல் எடுத்ததால் வந்தது, இனி என்ன செய்வது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால், காப்பாற்றக்கூடிய பார்வையும் போய்விடும்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். மேல் கோரைப்பல்லின் வேரில் தேங்கும் சீழ், மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்துக்குள் இறங்கி, கீழ் இமைவரை வீங்க வைக்கும். முகத்து இரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் பின்னால் உள்ள குழாய்களுக்கும் தொடர்பு உண்டு. கிருமி அந்த வழியில் பின்னோக்கிப் போய் மூளையின் அடியில் உள்ள இரத்தக் குழாயில் உறைகட்டியை உண்டாக்கினால், பார்வை மட்டுமல்ல, உயிரே ஆபத்தில். இது அபூர்வம்தான். ஆனால் கண்ணுக்குப் பயந்து கெட்டுப்போன பல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள், உண்மையில் அந்தக் கண்ணைத்தான் பணயம் வைக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சீழை எடுத்துவிட்டு, பல்லையும் எடுத்தோம். இரண்டு நாளில் கண் முழுதாகத் திறந்தது. பார்வை எப்போதும்போல்தான் இருக்கிறது.

அடுத்தது கீழ்த் தாடை. இது இன்னும் மோசம்.

கீழ்க் கடைவாய்ப் பற்களில் கடைசி இரண்டின் வேர் நுனிகள், வாயின் அடித்தளத் தசை தாடையோடு ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கும். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும், நாக்குக்கு அடியிலும் பரவிவிட்டால் அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த நோய். ஆஞ்சைனா என்றே அழைக்கப்படும் நெஞ்சு வலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு, இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சீழ் இரத்தத்தில் கலப்பது ஒருபுறம் இருக்க, நாக்கு மேலேயும் பின்னாலேயும் தள்ளப்பட்டு மூச்சுப் பாதை அடைபடுவதுதான் உடனடி ஆபத்து.

கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பியை, தங்குவிடுதி நண்பர்கள் இரவில் அழைத்து வந்தார்கள். நாற்காலியின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு துண்டில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். படுக்கச் சொன்னதும் பயந்து தலையாட்டினார். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. சாதாரணமாக அவரவர் விரல் மூன்று நுழைய வேண்டும். தாடைக்கு அடியில் இரண்டு விரலால் அழுத்தினேன். மரக்கட்டையைத் தொட்டதுபோல் இருந்தது. எங்கள் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த இரண்டு விரல் பரிசோதனையைத்தான். வீக்கம் மெத்தென்று இருந்தால் ஒரு யோசனை, இப்படி இறுகியிருந்தால் மயக்க மருத்துவரை உடனே கூப்பிடு என்று சொல்வேன்.

வாய் திறக்காத, படுக்க முடியாத ஒருவருக்கு மயக்க மருந்து கொடுப்பது எளிதல்ல. விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, மூச்சுக்குழாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். முடியாமல் போனால் கழுத்தில் துளையிடத் தயாராகக் கத்தியோடு ஒருவர் பக்கத்தில் நிற்பார். தாடைக்கு அடியில் வெட்டி, இடுக்கியை உள்ளே விட்டுத் திறந்ததும் வந்த நாற்றம் அறை முழுவதும் பரவியது. வடிகுழாய்களை வைத்துத் தைத்தோம். காரணமான பல்லையும் அப்போதே எடுத்தோம். கறுத்துப்போன ஒரு பாதிப் பல். பிறகு செயற்கை மூச்சுக் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள். பிழைத்துக்கொண்டார்.

பேச முடிந்ததும் கேட்டேன். பல் முதலில் கடுமையாக வலித்ததாம். அறை நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை இரண்டு நாள் சாப்பிட்டாராம், வலி நின்றுவிட்டதாம். "சரியாயிடுச்சுன்னு நெனச்சேன் மேடம்."

வலி நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல்லுக்குள் இருக்கும் நரம்பு உயிரோடு இருக்கும்வரைதான் அப்படி வலிக்கும். அது செத்ததும் வலி போய்விடும், கிருமி போகாது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். துடித்து வலித்த பல் சிகிச்சை எதுவும் இல்லாமல் தானாக அடங்கினால், கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை மட்டும் ஏன் போதாது? மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. சீழ்க்கட்டியின் நடுவிலும் கிடையாது. சீழை வெளியேற்றி, பல்லை எடுக்க வேண்டும் அல்லது வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும். மருந்து அதற்குத் துணை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது என்பதால், ஊருக்குப் போய்வருபவர்கள் பெட்டியில் அட்டை அட்டையாகக் கொண்டுவந்து பகிர்ந்துகொள்கிறார்கள். அன்பினால் செய்வது எனக்குப் புரிகிறது. ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

"வீக்கம் இருக்கும்போது பல் எடுக்கக் கூடாதே" என்று சொல்லி வீட்டிலேயே காத்திருப்பவர்களும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. சீழ் கட்டிய இடம் அமிலத்தன்மையோடு இருப்பதால் மரப்பு ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. அதற்காகத்தான் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியிலேயே போடுகிறோம். அதுவும் முடியாதபோது முழு மயக்கம். இன்று எடுப்பதா, மூன்று நாள் கழித்து எடுப்பதா என்று உங்களைப் பார்த்த மருத்துவர் முடிவு செய்யட்டும். பார்க்காமலே நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சீழ் வெளித்தோலில் உடைத்துக்கொண்டு வந்து தழும்பாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்ளாதீர்கள், ஈறு வெந்துபோகும். கிராம்பு கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், அதோடு சரி. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் எடுப்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியோ எடுத்துக்கொள்ளும் அம்மாமார்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் சிக்கல் அந்த மருந்துகளால் சிலருக்கு வரும். "அது முட்டிக்குப் போடுற ஊசி, பல்லுக்கு எதுக்குச் சொல்லணும்" என்று மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. சர்க்கரை அதிகமாக இருந்தால் கிருமி வேகமாகப் பரவும், கிருமி பரவினால் சர்க்கரை இன்னும் ஏறும். மற்றவர்கள் இரண்டு நாள் பொறுக்கும் வீக்கத்தை நீங்கள் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

பலர் தள்ளிப்போடுவது பயத்தால் அல்ல, செலவால். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரசாங்கத்தின் மருத்துவ மானிய அட்டையான சாஸ் அட்டையை நீல நிறத்தில் வைத்திருப்பவர்களும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறைத் திட்டங்களில் உள்ள மூத்தோரும் திட்டத்தில் உள்ள தனியார் பல் மருந்தகங்களில் பல் எடுக்க மானியம் பெறலாம். சில அரசாங்கப் பலதுறை மருந்தகங்களிலும் பல் பிரிவு இருக்கிறது. ஞானப்பல்லை அறுத்து எடுப்பது போன்ற அறுவைச் சிகிச்சைக்கு, மருத்துவச் செலவுக்கான உங்கள் மெடிசேவ் சேமிப்பு பயன்படும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் அமைப்பு பல் சிகிச்சை அளிக்கிறது. முதலாளிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சொல்கிறேன்: ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது 2023 ஜூலையிலிருந்து விதி. அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனையில் தங்குவதற்கும் அது இருக்கிறது. ஆனால் ஒரு பல்லை எடுக்க அவர் அரை நாள் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்காமல் அனுப்புங்கள்.

அறை நண்பர்களே, உங்களைத்தான் கடைசியாகக் கேட்டுக்கொள்கிறேன். பல் வலி என்று சொன்னவருக்குத் தாடைக்கு அடியில் வீங்கியிருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, எச்சில் விழுங்க முடியவில்லையா, வாய் திறக்கவில்லையா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. மூச்சு முட்டினால் அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரை உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். குடிக்கவும் சாப்பிடவும் எதுவும் கொடுக்க வேண்டாம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்று மயக்க மருத்துவர் கேட்பார், தெரிந்துகொண்டு வாருங்கள். அவர் விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். யார் கொடுத்தது என்று நாங்கள் விசாரிக்க மாட்டோம்.