கிரேஹவுண்டின் உடற்கணக்கு வேறு

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கிரேஹவுண்ட் நாயின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை, அது எந்த இனம் என்று சொல்லாமல் ஒரு கால்நடை மருத்துவரிடம் நீட்டினால், அவர் நெற்றி சுருங்காமல் இருக்காது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி இருக்கும். நாயின் உடலில் நீர் வற்றிவிட்டதோ என்று தோன்றும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கும். உண்ணி பரப்பும் நோயாக இருக்குமோ என்ற ஐயம் எழும். கிரியாட்டினின் மேல் வரம்பைத் தொட்டு நிற்பதால் சிறுநீரகத்தின் மீது சந்தேகம் விழும். தைராய்டு சுரப்போ கீழ் வரம்புக்கும் கீழே கிடக்கும். அந்த நாயோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவர் காலடியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். அறிக்கையில் உள்ள எண்கள் எல்லாம் சரிதான். பிற நாய்களுக்கென்று வகுத்த அளவுகோலை வைத்து இந்த நாயை அளந்ததில்தான் பிழை.

வெட்டவெளியில் முயலைத் துரத்துவதற்கென நெடுங்காலம் வளர்க்கப்பட்ட இந்த இனத்தை வட்டக் களத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித். தண்டவாளத்தில் ஓடும் இயந்திர முயலை வைத்து 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் அவர் ஓடுகளம் அமைத்தார். 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூ அரங்கின் வழியாக இந்தக் களப் பந்தயம் இங்கிலாந்தில் கால் வைத்தது. ஒன்றேகால் வயதில் ஓடத் தொடங்கும் நாய், நான்கைந்து வயதுக்குள் களத்தை விட்டு வெளியேறிவிடும். அதன் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடியது. எஞ்சிய காலத்துக்கு யார் பொறுப்பு என்று எவரும் கேட்காததால், பல பத்தாண்டுகளாக எண்ணற்ற நாய்கள் ஓட்டம் நின்றதும் கொல்லப்பட்டன. பிரிட்டனில் இந்த நாய்களுக்கு வீடு தேடித் தரும் அறக்கட்டளை 1975இல் தொடங்கப்பட்டது. புளோரிடா மாநில வாக்காளர்கள் 2018இல் பந்தயத்துக்கு எதிராக வாக்களித்ததைத் தொடர்ந்து 2020 இறுதியோடு அங்கே பந்தயம் நின்றது. நியூசிலாந்து அரசும் பந்தயத்தை நிறுத்தப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. களங்கள் மூடப்படும்போது நாய்கள் வீடுகளுக்கு வருகின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, அவை ஓடும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பெரும்பாலான பந்தயங்கள் 500 மீட்டரைத் தாண்டுவதில்லை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் நாய் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தை எட்டுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதன் நான்கு கால்களும் இருமுறை தரையை விட்டு எழும்பும். கால்கள் வயிற்றுக்கடியில் ஒன்றுகூடி உடல் வில்லாக வளைந்திருக்கும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீண்டு உடல் அம்பாக விரிந்திருக்கும்போது இன்னொரு முறை. உந்துவிசை பெரும்பாலும் முதுகிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வருகிறது. கால்கள் எடையைத் தாங்கும் ஊன்றுகோல்களாக இருந்துகொள்கின்றன. இது எவ்வளவு தூரம் உண்மை என்பது வளைவில் தெரியும். வளைவில் திரும்பும் மனித ஓட்டக்காரரின் கால்மீது சுமை கூடுவதால், அவர் பாதத்தைத் தரையில் சற்றுக் கூடுதல் நேரம் ஊன்ற நேர்ந்து வேகம் இழக்கிறார். கிரேஹவுண்டு அப்படிச் செய்வதில்லை என்பதை லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2005இல் அளந்து காட்டினர். அது கூடிய சுமையை அப்படியே காலில் வாங்கிக்கொண்டு அதே தாளத்தில் ஓடுகிறது. அந்தச் சுமைக்கு எலும்பு கொடுக்கும் விலையைப் பின்னர் பார்ப்போம்.

இந்த அரை நிமிடத்துக்காகவே உடலின் கணக்குகள் மாறியிருக்கின்றன. கிரேஹவுண்டின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு தசை. மற்ற நாய்களில் அது 44 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகும் பொருள் என்பதால், தசை மிகுந்த உடலில் அது கூடியிருப்பது இயல்பு. அத்தனை தசைக்கும் நொடிப்பொழுதில் ஆக்சிஜன் கொண்டுசேர்க்கச் சிவப்பணுக்கள் ஏராளமாக வேண்டும். ஆகவே இரத்தத்தில் அவற்றின் பங்கு மற்ற நாய்களில் பெரும்பாலும் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்க, இங்கே 50 முதல் 65 விழுக்காடு வரை செல்கிறது. இந்த வளமான இரத்தத்தின் காரணமாகவே கிரேஹவுண்டுகள் கால்நடை மருத்துவமனைகளில் மிகச் சிறந்த இரத்தக் கொடையாளிகளாக மதிக்கப்படுகின்றன. இதயமும் உடல் எடையோடு ஒப்பிடுகையில் பெரியது. அதில் கேட்கும் மெல்லிய முணுமுணுப்பு பல வேளைகளில் நோயின் அறிகுறியாக இருப்பதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு தைராய்டு விஷயத்தில் நடப்பது. களத்திலிருந்து வரும் பல நாய்களுக்குப் பின்தொடையில் முடி உதிர்ந்து, தோல் வழவழப்பாகத் தெரியும். தைராய்டு குறைபாட்டிலும் முடி உதிரும். இரத்தத்தில் தைராய்டு சுரக்கும் தைராக்சினும் குறைவாக வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இந்த இனத்துக்குத் தைராக்சின் இயல்பிலேயே குறைவு. வழுக்கைத் தொடை தைராய்டு குறையில்லாத கிரேஹவுண்டுகளிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஆகவே முதல் பரிசோதனையின்போதே கிரேஹவுண்டுக்குரிய இயல்பு அளவுகளை மருத்துவரோடு பேசி, அறிக்கையைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் உண்மையாகவே ஏதேனும் மாறினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது அதுதான்.

மயக்க மருந்து கொடுக்கும்போது இந்த வேறுபாடு உயிர் சார்ந்த விஷயமாகிவிடுகிறது. தயோபென்டால் போன்ற மருந்து செலுத்தப்பட்ட கிரேஹவுண்டுகள், மற்ற நாய்கள் எழுந்து நடமாடிய பிறகும் நெடுநேரம் கண் விழிக்காமல் கிடந்ததை மருத்துவர்கள் கண்டனர். அந்த மருந்து கொழுப்பில் தங்கக்கூடியது, கிரேஹவுண்டில் கொழுப்பு மிகக் குறைவு, எனவே அது இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் விளக்கம் சொல்லப்பட்டது. அது பாதி உண்மையே. இம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகள் இந்த இனத்தில் மந்தமாகச் செயல்படுவது பிற்கால ஆய்வுகளில் தெரிந்தது. மாற்று மருந்துகள் இன்று உண்டு; மருத்துவருக்கு நினைவூட்டுவது மட்டும் வளர்ப்பவர் கடமை. இன்னொன்றும் உண்டு. சிறிய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நாய் வீடு திரும்பிய பிறகு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தையலைச் சுற்றி நீலம் பாரித்து இரத்தம் கசியத் தொடங்கலாம். இரத்தம் உறையாமல் போவதால் வரும் சிக்கல் அல்ல இது. உறைந்த கட்டி உறுதியாக நிலைக்காமல் கரைந்துவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. அந்தக் கரைவைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுக்க முடியும்.

வீட்டுக்குள் அதன் நடத்தையும் இதே போலத் தவறாகப் படிக்கப்படுகிறது. நாளின் பெரும்பகுதி தூங்குவதைச் சோம்பல் என்கிறார்கள். அரை நிமிடம் முழு ஆற்றலையும் செலவிட்டு, பின் நெடுநேரம் ஓய்வெடுக்கும்படி அமைந்த உடல் அது. நாளொன்றுக்கு இரண்டு சாதாரண நடைகள் அதற்குப் போதும். கொழுப்பும் அடர்ந்த முடியும் இல்லாததால் குளிருக்கு மேற்சட்டையும் படுக்க மெத்தையும் வேண்டும். பின்னங்கால் தசை பருத்திருப்பதால் மற்ற நாய்களைப் போல உட்காருவது பலவற்றுக்கு வசதிப்படாது. உட்காரச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. தலை கழுத்தைவிட ஒடுங்கியது என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் மட்டும் சற்று இறுகும் அகலப் பட்டையே பாதுகாப்பு. நம் ஊர்ச் சிப்பிப்பாறையையும் கன்னியையும் போலவே இதுவும் கண்ணால் கண்டு துரத்தும் வகை. தொலைவில் ஒரு பூனை அசைந்தால், நாம் கூப்பிடும் குரல் அதன் காதில் ஏறுவதற்குள் அது பாதித் தெருவைக் கடந்திருக்கும். வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்த்துவிடவே கூடாது.

மாடிப்படி, கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை எதையும் அது முன்பு கண்டதில்லை. முதல் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, பின்னங்காலை என்ன செய்வதென்று தெரியாமல் உடல் நடுங்க நின்றுவிடும். பின்னால் நின்று உடலைத் தாங்கி, ஒவ்வொரு பாதமாக எடுத்து அடுத்த படியில் வைத்துக் காட்டினால், பெரும்பாலும் சில நாளிலேயே கற்றுக்கொள்ளும். தூக்கத்தில் தொட்டால் சில நாய்கள் திடுக்கிட்டுச் சீறக்கூடும். கூண்டில் தனித்தே உறங்கிய நாய்க்கு, உறக்கத்தில் ஒரு கை மேலே படுவது வாழ்வில் நேராத ஒன்று. இதை முரட்டுக்குணம் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். பெயர் சொல்லி எழுப்பிவிட்டுத் தொட்டால் போதும், குழந்தைகளுக்கும் அப்படியே பழக்க வேண்டும்.

கடைசியாகக் கால்கள். பந்தயம் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், வளைவின் கூடுதல் சுமை ஒவ்வொரு முறையும் வலப் பின்னங்கணுக்காலின் உட்புறத்தை நசுக்குகிறது. அங்குள்ள மைய எலும்பு முறிவதே களத்தில் காணும் பெரிய காயங்களில் ஒன்று. வீட்டுக்கு வரும் பல நாய்களின் வலப் பின்னங்கணுக்கால், விரலால் தடவினாலே தெரியும்படி சற்றுத் தடித்திருக்கும். பாத மெத்தையில் கால் ஆணியும் வரும். புல்தரையில் நன்றாக நடந்துவிட்டு, கல் பாவிய தெருவில் மட்டும் நொண்டினால் அதைத்தான் முதலில் தேட வேண்டும். இவ்விரண்டும் தெரிந்த குடும்பத்தினர், எட்டு வயது நாய் நொண்டத் தொடங்கினால் பழைய பந்தயக் காயம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் எலும்புப் புற்று மற்ற இனங்களைவிட இந்த நாய்களை மிகுதியாகத் தாக்குகிறது, அதன் முதல் அடையாளமும் பெரும்பாலும் ஒரு காலில் வரும் இந்த நொண்டல்தான். இரத்த அறிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று இதுவரை சொன்ன நான், இங்கே மட்டும் அஞ்சச் சொல்கிறேன். நடுத்தர வயதைத் தாண்டிய கிரேஹவுண்டின் நொண்டல் சில நாளில் தீராவிட்டால், வலிமாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.